ஓட்டமானி காட்டிய சுழியம்

மின்பணிக்குப் புதிதாய் வந்திருக்கும் இளையோரே, தடையையும் திறனையும் கணக்கிடும் முறையை நீங்கள் முன்பே கற்றிருப்பீர்கள். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது தடை. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது திறன். இரண்டு எண்கள், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். இதை மறுபடியும் கற்பிக்க நான் எழுதுகோலை எடுக்கவில்லை. அந்த இரண்டு எண்களுள் ஒன்று சுழியமாய் நின்றுவிட்ட ஒரு நண்பகலைப் பற்றியும், அந்த நேரத்தில் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். பொறாமையால் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவிரக்கத்தோடு இதைச் சொல்வதாக எண்ண வேண்டா. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பொறாமையை நான் துறக்கவில்லை.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நாட்டுக்கு விடுதலை வரவில்லை. ஆவடியைச் சுற்றியிருந்த கள்ளிக்காடுகளை வெட்டித் தகரக் கொட்டகைகளை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று எங்கள் பழுதுபார்ப்புப் பணிமனை. படைமுகாம்களுக்கு நீர் இறைக்கும் மின்பொறிகள் கருகிப்போனால் எங்களிடம் வரும். உள்ளிருக்கும் கம்பிச்சுருள்களைக் கழற்றிப் புதிதாய்ச் சுற்றி, வார்னிஷில் தோய்த்து, பெரிய மின்னடுப்பு ஒன்றில் வைத்து உலர்த்துவோம். அடுப்பு சூடேறாவிட்டால் சுருள் உலராது. சுருள் உலராவிட்டால் எந்தப் பொறியும் பணிமனையை விட்டு வெளியேறாது. எங்களுக்கு ஊர் மின்சாரம் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் தனி அறையில் ஒரு டைனமோ ஓடும். அதன் அழுத்தம் இருநூற்றிருபது வோல்ட். கடைசல் இயந்திரங்கள் மட்டும் எண்ணெய்ப் பொறியின் வார்ப்பட்டையால் சுழல்வன. ஆகையால் டைனமோ ஓடினாலும் நின்றாலும் கொட்டகைக்குள் இரைச்சல் ஒன்றுபோலவே இருக்கும்.

மேற்பார்வையாளர்கள் இருவர்: நானும் தணிகாசலம் என்பவரும். இருவரும் தற்காலிகப் பணியாளர்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு. எங்களுக்கு மேலிருந்த தலைமைப் பொறியாளர் எங்களை ஒருநாள் அழைத்து, நிலையான பணியிடம் ஒன்றே ஒன்றுதான் வரவிருக்கிறது என்றும், அதை யாருக்கு அளிப்பது என்பதை எங்கள் வேலையைப் பார்த்துத் தாமே முடிவு செய்வார் என்றும் சொல்லிவிட்டார். மற்றவர் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். நான் வந்த இடம் ஒரு நெல்லாலை. அங்கே உமித்தூசி படிந்த ஒற்றை மின்பொறியின் முன்னால் எஞ்சிய வாழ்நாளை உட்கார்ந்து கழிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அந்தப் பணியிடம் எனக்கு வேண்டும். அதைவிடக் கூடுதலாக, அது தணிகாசலத்துக்குக் கிடைக்கக் கூடாது.

தணிகாசலம் மண்ணூர்பேட்டை உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணக்கில் எனக்கு இளைத்தவர் அல்லர். இளைத்தவராய் இருந்திருந்தால் நான் ஏன் வேக வேண்டும்? நான் தாளில் வகுத்துக் காணும் விடையை அவர் மீசையைத் தடவிக்கொண்டே சொல்லிவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கடைசல்காரர் முதல் கூட்டுபவர் வரை எல்லார் முகமும் அவர் பக்கம் திரும்புமே, அதைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை. நான் நுழைந்தால் எல்லாரும் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். தலைமைப் பொறியாளர் என்னிடம் பேசும்போது கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொள்வார். அவரிடம் பேசும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். இத்தகைய சிறு வேறுபாடுகளை நான் ஒன்றுவிடாமல் கண்டுவைத்திருந்தேன்.

காட்டுப்பாக்கத்திலிருந்த என் இல்லத்திலும் எனக்கு ஓய்வில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தம் வயலில் விளைந்த கத்தரிக்காயை மூட்டையாய்க் கட்டி மிதிவண்டியில் வைத்துக்கொண்டு, பூந்தமல்லி வழியாக என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் போன பிறகு என் துணைவி சொன்னாள்:

"நல்ல மனுசருங்க அவரு. வந்து அரை நாழி குந்திகினு இருந்தாரு, ஊடே சிரிச்சிச்சு. நீங்களுந்தான் கீறீங்க."

அன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு. நான் மோர் ஊற்றி உண்டேன்.

என்னிடம் இருந்து அவரிடம் இல்லாத ஒன்று உண்டு என்று நான் நம்பினேன். அது சொல். தமிழில் பேசும்போது தமிழே பேச வேண்டும் என்பது என் கொள்கை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்றே பணிமனையில் வழங்குவேன். வோல்ட்மீட்டரை அழுத்தமானி என்றும் அம்மீட்டரை ஓட்டமானி என்றும் குறிப்பேன். சொல் தெளிந்தால் பொருள் தெளியும். பொருள் தெளிந்தால் பிழை நேராது. பணியாளர்களுக்கோ அது வேடிக்கை. மின்பலகையைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பன் என்பவர் குத்தம்பாக்கத்துக்காரர். நேற்றுவரை ஏர் பிடித்தவர், கருத்தான ஆள். அவரிடம் ஒருமுறை கேட்டேன்:

"கன்னியப்பன், மின்னோட்டம் எவ்வளவு?"

"இன்னாதுங்க ஐயா?"

"ஓட்டம், ஓட்டம்! எத்தனை என்று பார்த்துச் சொல்லும்."

"யாரு ஓடனாங்க? எல்லாம் இங்கதானே கீறாங்க!"

கொட்டகையே சிரித்தது. பின்னாலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது. "நைனா, கரண்டு எவ்ளோன்னு கேக்குறாரு புலவரு."

"அத்தச் சொல்லக்கூடாதா? இருநூத்தி இருவது!"

"அது அழுத்தம்!" என்று நான் கூவினேன். "நான் கேட்பது ஓட்டம்! இரண்டும் ஒன்றா?"

"வுடு புலவரே," என்றார் தணிகாசலம். "அவனுக்கு கம்பியில வந்துகினு கீறது மொத்தமும் கரண்டுதான். ஊர்ல எல்லாருக்கும் அப்டித்தான். வெளக்கு எரிஞ்சா கரண்டு கீது, அணைஞ்சா கரண்டு இல்ல. நீ போய் ரெண்டா வெட்டுனா அவன் இன்னா பண்ணுவான்?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நானோ அந்தப் பேச்சில் ஒரு குழி இருக்கிறது என்று உறுதியாய் நம்பினேன். அந்தக் குழியில் அவரே விழ வேண்டும் என்றும் விரும்பினேன். விழுவது என்றால் தலைமைப் பொறியாளர் முன்னால் ஒரு தவறான எண்ணைச் சொல்லி விழிப்பது என்ற அளவில்தான் நினைத்தேன்.

இனி அடுப்புக்கு வருகிறேன். நல்ல நிலையில் அது இருபத்திரண்டு ஆம்பியர் ஓட்டத்தை எடுக்கும். இருநூற்றிருபதை இருபத்திரண்டால் வகுத்தால் பத்து ஓம் தடை. பெருக்கினால் நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது வாட் திறன். ஒரு காலையில் அது மந்தமாய்க் காய்ந்தது. பலகையில் அழுத்தம் குறையவில்லை. ஓட்டம் மட்டும் இருபதாய் இறங்கியிருந்தது. இருநூற்றிருபதை இருபதால் வகுத்தால் பதினொன்று. எங்கிருந்தோ ஓர் ஓம் கூடுதலாய் வந்து புகுந்துவிட்டது. இந்தக் கணக்கை நானும் போட்டேன், அவரும் போட்டார். தலைமைப் பொறியாளர் இருவரையும் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "ஐயா, சூடேற்றும் கம்பிகள் தேய்ந்து மெலிந்துவிட்டன. மெலிந்த கம்பிக்குத் தடை மிகுதி. போர்க்காலத்தில் புதுக்கம்பி கிடைப்பது அரிது. இப்படியே ஓட்டலாம், உலர்த்தும் நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும்."

சொல்லும்போதே என் விடையின் அழகில் நானே மகிழ்ந்தேன். தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"கணக்கு சரிதாங்க. ஆனா அந்த ஒரு ஓம் எங்க குந்திகினு கீதுன்னு கணக்கு சொல்லலியே. காலைல கன்னியப்பன் இன்னாவோ தீயிற வாடை வர்ருதுன்னான். அடுப்புக்குப் பின்னால அந்த இரும்புப் பொட்டியத் தொறந்து பாத்துரலாம்."

டைனமோவை நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்கள். கம்பியைப் பிணைக்கும் பித்தளைப் பற்றி ஒன்று தளர்ந்து, இன்னும் செங்கல் நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. அடியிலிருந்த பீங்கான் கருகியிருந்தது. பெட்டிக்கு எதிரே கையெட்டும் தொலைவில் வார்னிஷ் தகரங்கள் அடுக்கியிருந்தன. கூடுதல் ஓம் முழுவதும் அந்தப் பற்றியில்தான் குடியிருந்திருக்கிறது. இருபது ஆம்பியர் ஓர் ஓமைக் கடக்க இருபது வோல்ட் செலவாகும். இருபதையும் இருபதையும் பெருக்கினால் நானூறு வாட். கட்டைவிரல் பருமனுள்ள ஓர் இடத்தில் நானூறு வாட்! ஓர் அடுப்பை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தது போல. நான் சொன்னபடி ஓட்டியிருந்தால் மாலைக்குள் கொட்டகை எரிந்திருக்கும்.

இளையோரே, தடை எவ்வளவு என்று கணக்கு சொல்லும். தடை எங்கே என்று சொல்லாது. நீண்ட கம்பி முழுதும் பரவியிருக்கும் ஓர் ஓம் தீங்கற்றது. அதே ஓர் ஓம் ஒரு முனையில் குவிந்தால் நெருப்பு. அழுத்தத்தை அளக்கும்போது எந்த இரு முனைகளுக்கு இடையே அளக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைமைப் பொறியாளர் அன்று மாலை தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தணிகாசலத்தின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். எல்லார் முன்னிலையிலும். வெள்ளி நிறப் பட்டை, வளைந்த கண்ணாடி. "நைனா, மணி இன்னா?" என்று அவரைக் கேட்பதே அதன் பிறகு பணிமனையில் ஒரு விளையாட்டாயிற்று. மணி தெரிந்திருந்தும் கேட்பார்கள். அவரும் கையை நீட்டி, மடக்கி, வெயிலில் திருப்பி, பிறகுதான் சொல்வார். அந்தக் கடிகாரம் பணிமனையில் எந்த மூலைக்குப் போனாலும் என் கண் அதன் பின்னாலேயே போயிற்று. அவர் தேநீர் அருந்தும்போது அது கோப்பையருகே மின்னும்; அவர் எழுதும்போது தாளின் மேல் ஊரும். அவர் முகத்தைக்கூட நான் அந்நாள்களில் பார்க்கவில்லை. கையை மட்டுமே பார்த்தேன்.

சில வாரங்கள் கழிந்தன. படை மருத்துவமனை ஒன்றின் நீரேற்றும் பொறி வந்திருந்தது. மாலைக்குள் அது திரும்பிப் போக வேண்டும். நோயாளிகளுக்குத் தண்ணீர் இல்லை. சுருள்கள் அடுப்பில் இருந்தன. நண்பகல் நெருங்கும் வேளையில் அடுப்பு தணியத் தொடங்கியது. தலைமைப் பொறியாளரே இறங்கி வந்துவிட்டார். பணியிடத்துக்கான முடிவை அந்த வாரம் அறிவிப்பதாக அவர் சொல்லியிருந்ததால், அவர் அங்கே நின்றதே எங்கள் இருவருக்கும் தேர்வு போல இருந்தது.

தணிகாசலம் அடுப்பின் பின்பக்கம் போய் இரும்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். தரை ஈரமாய் இருந்தது. பலகை எதிர்ச்சுவரில்; இடையில் மின்பொறிகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தமையால் மானிகள் எங்களுக்குத் தெரியா. கடைசல் இயந்திரங்களின் இரைச்சலை மீறி அவர் கத்தினார்:

"நைனா கன்னியப்பா! கரண்டு கீதா பாரு!"

பிறகு அந்தக் கோடியிலிருந்து கன்னியப்பனின் குரல் வந்தது:

"கரண்டு இல்ல! சுத்தமா இல்லண்ணாத்தே!"

நாள்தோறும் நண்பகலில் டைனமோவை எண்ணெய் இடுவதற்காக நிறுத்துவார்கள். சில நாள் சற்று முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். டைனமோ நின்றுவிட்டது, அதனால்தான் அடுப்பு தணிகிறது என்று தணிகாசலம் எடுத்துக்கொண்டார். நிற்கிற நேரத்துக்குள் பற்றிகளை இறுக்கிவிடலாம் என்று திருகுசாவியை எடுத்தார்.

இங்கே நின்று பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான் அன்று கூவித் திருத்தியது முதல் கரண்டு என்றால் ஓட்டமானியைத்தான் பார்க்கும் கன்னியப்பன், பலகையில் அதையே பார்த்தார்; முள் சுழியத்தில் படுத்திருந்தது. கரண்டு இல்லை என்றார். அது உண்மை. சூடேற்றும் கம்பி அடுப்புக்குள் எங்கோ அறுந்துவிட்டது. அறுந்த வழியில் ஓட்டம் ஏது? ஆனால் பக்கத்திலிருந்த அழுத்தமானியின் முள் இருநூற்றிருபதில் அசையாமல் நின்றிருந்தது. டைனமோ ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் மின்சாவி போட்டபடியே இருந்தது. தணிகாசலம் கேட்டது "மின்சாரம் வருகிறதா" என்று. கன்னியப்பன் சொன்னது "ஆம்பியர் சுழியம்" என்று. நடுவில் இருந்தது ஒரே சொல். இருநூற்றிருபதைச் சுழியத்தால் வகுத்தால் விடை எல்லையற்ற தடை. அந்தத் தடை கம்பி அறுந்த இடத்தில் இருந்தது. அதற்கு இப்பால், பெட்டிக்குள், பற்றியின் ஒவ்வோர் அணுவிலும் முழு அழுத்தம் காத்திருந்தது.

இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த நொடியில் எனக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாரும் தலைமைப் பொறியாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரோ சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையையும் முடித்துவிட்டு, பணியிடத்தையும் பெற்றுக்கொண்டு, அந்தக் கையை வெயிலில் திருப்பித் திருப்பி ஆட்டப்போகிறார் என்று எண்ணி எரிந்துகொண்டிருந்தேன்.

கை பெட்டியின் நிழலுக்குள் நுழைந்தது. கடிகாரத்தின் வளைந்த கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

அடுப்பின் தலையில், மின்தொடர்பு இருப்பதைக் காட்ட ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. புகை படிந்து, பகல் வெளிச்சத்தில் எரிவதும் தெரியாது, அணைவதும் தெரியாது. யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. நிழலுக்குள் போன கண்ணாடி அதைப் பிடித்துக் காட்டிவிட்டது. விளக்கு எரிகிறது என்றால் அழுத்தம் உண்டு.

அழுத்தம் என்ற சொல்தான் என் தொண்டைக்கு வந்தது. அதைக் கூவியிருந்தால் அவர் திரும்பி, "இன்னா புலவரே?" என்று கேட்டிருப்பார், கேட்டுக்கொண்டே தொட்டுமிருப்பார். வாழ்நாளில் நான் உச்சரித்திராத ஒன்று என் வாயிலிருந்து வெடித்தது:

"கரண்டு கீதுடா! கைய எட்றா டேய்!"

இயற்பியலின்படி அது பிழையான வாக்கியம். ஓட்டம் அங்கே இல்லை. ஆனால் தணிகாசலத்தின் கை தீயைத் தொட்டது போல வெளியே வந்தது. பிடி நழுவிய திருகுசாவி உள்ளே விழுந்து, பற்றிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் குறுக்கே கிடந்தது. நீலநிறத்தில் ஓர் ஒளி. வேட்டுப் போட்டது போல ஓர் ஒலி. பலகையில் உருகிக்கம்பி பொசுங்கியது. கன்னியப்பன் அங்கே "ஐயோ!" என்று அலறினார். திருகுசாவியை எடுத்துப் பார்த்தபோது அதன் தாடை ஒருபக்கம் மெழுகு போல் உருகியிருந்தது.

தணிகாசலம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசல்காரர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார்:

"டேய், புலவரு வாய்ல 'கீதுடா' வந்துச்சுடோய்!"

அச்சத்தில் இறுகியிருந்த அத்தனை பேரும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். தணிகாசலமும் தரையில் இருந்தபடியே, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்று வீடு திரும்பும் வழியில் மனத்தில் ஒரு கணக்குப் போட்டேன். வியர்த்த கை, நனைந்த தரை; மனித உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொள்வோம். இருநூற்றிருபதை ஆயிரத்தால் வகுத்தால் ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. திறன் ஐம்பது வாட்டுக்கும் குறைவு. ஒரு படிப்பு விளக்குக்கே அது போதாது. ஒரு மனிதன் அணைந்துபோக அது மிகுதி.

மறுநாள் தலைமைப் பொறியாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பணியிடம் எனக்கே என்று அந்தக் கணமே முடிவு செய்துகொண்டேன்.

"அத்தனை பேர் நின்னோம். நானும் நின்னேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"கவனித்துக்கொண்டிருந்தேன், ஐயா."

"எதை?"

"வேலையை."

அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாய்ச் சொன்னார். "அந்த இடத்தைத் தணிகாசலத்துக்குத் தர்றதா முடிவு பண்ணியிருக்கேன்."

காதில் கடைசல் இயந்திரம் ஓடுவது போல இருந்தது. "கையை உள்ளே விட்டவர் அவர்," என்றேன்.

"ஆமா. சாவியை அணைக்காம விட்டது தப்புதான்னு அவரே காலையில வந்து சொல்லிட்டார். உங்க கணக்குல ஒருநாளும் பிழை பார்த்ததில்ல நான். ஆனா வகுக்கிறதுக்கும் பெருக்கிறதுக்கும் முதல்ல ரெண்டு எண் கைக்கு வரணுமில்லையா? அதை யாராவது கொண்டுவந்து தரணும். வாடை வந்தா, சத்தம் கேட்டா, பட்டறை ஆளுங்க அவர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்றாங்க. உங்ககிட்ட, நீங்க கேட்டா மட்டும் சொல்றாங்க. அதுவும் புரிஞ்சா."

அந்த மறுமொழியில் குறை கண்டுபிடிக்க நான் முயன்றேன், இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன். "அப்படியானால் நான்?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசி வரைக்கும் இருங்க. பார்க்கலாம்."

நெல்லாலையின் உமித்தூசி அப்போதே தொண்டையில் படிந்தது போலிருந்தது. ஓர் உயிரை மீட்டவனுக்கு மாதக் கடைசி; கையை விட்டவருக்குப் பதவி. அவர் பதவி ஏற்றுச் செய்த முதல் வேலை என்னை மேலும் எரித்தது. பலகையருகே கன்னியப்பனை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நைனா, இனிமே கரண்டு கீது, கரண்டு இல்லங்கிற பேச்சே வேணாம். அழுத்தம் இவ்ளோ, ஓட்டம் இவ்ளோன்னு ரெண்டையும் சொல்லு. ரெண்டும் முட்டையா கீதுன்னு நீ சொல்லி, சாவிய நானே அணைச்சப்புறந்தான் கைய வெப்பேன்." கன்னியப்பனும் தலையாட்டினார். அந்த வாரத்துக்குள் கூட்டுபவர்கூட "அழுத்தம் கீதா? ஓட்டம் கீதா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். நான் மாதக்கணக்காய்த் தொண்டை வறளக் கற்பித்த சொற்கள்! தணிகாசலத்தின் சொற்கள் என்றே அவை பணிமனையில் வழங்கின.

மாதக் கடைசியில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் வந்து எதிரே நின்றார்.

"எங்க கெளம்பிட்டே?"

"நெல்லாலைக்கு."

"பெட்டிய அவுரு. பெரியவர்கிட்ட பேசிட்டேன். நீ இங்கதான் இருக்கப் போறே. தற்காலிகந்தான், ஆனா இருக்கப் போறே."

"உமது பரிந்துரை எனக்கு வேண்டா."

"பரிந்துரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு ஆளு வேணும்." அவர் பொறிகளின் அடுக்கில் சாய்ந்துகொண்டார். "புலவரே, நான் இந்தக் கொட்டாயில எங்க போனாலும் நீ என்னியே பாத்துகினு இருப்பே. எனக்குத் தெரியாதா? முதுகு அரிச்சிகினே இருக்குமே. இன்னாடா இந்த மனுசன் இப்டிப் பாக்குறானேன்னு ஊட்ல சொல்லிச் சிரிச்சிருக்கேன். அன்னிக்கு அத்தனை பேர்ல நீ ஒருத்தன் பாக்கலன்னா, எம்பொண்டாட்டி இன்னிக்கு இன்னா பண்ணிகினு இருப்பா?"

நான் கயிற்றின் முடிச்சை இறுக்கினேன்.

"பட்டறையில இனிமே தனியா யாரும் பொட்டியத் தொறக்கறதில்ல. ஒருத்தன் கைய வெச்சா, ஒருத்தன் நின்னு பாக்கணும். சும்மா பாக்கறவன் இல்ல. நான் கைய வெக்கிற எடத்துலல்லாம் நீ கண்ணு வெச்சிகினே இரு. உன்னைவிட நல்லாக் கண்ணு வெக்கிறவன் இந்த ஆவடியிலயே எவனும் இல்ல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.

அன்று பிற்பகல் அடுப்பின் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. டைனமோவை நிறுத்தியதும், அழுத்தமும் ஓட்டமும் சுழியம் என்று கன்னியப்பன் கூவினார். தணிகாசலம் போய்ச் சாவியைத் தாமே அணைத்து வந்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார்.

நான் கண் வைத்தேன்.